படித்து முடித்த மறுநாள் யார் காசு தருவார்?

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 29 வயது. கரவெட்டியில் இருக்கிறேன். கலைப்பிரிவில் உயர்தரம் எடுத்து ஒரு சி, இரண்டு எஸ் வந்தது. கம்பஸ் கிடைக்கவில்லை. 22 வயதில் கலியாணம். மகள் முதலாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. கணவர் மேசன். வேலை இருந்தால் நாளுக்கு 4,500 ரூபா, மாரி காலத்தில் பல நாள் வீட்டில்தான். நான் ஏழு வருசமாக வீட்டில் சாறி பிளவுஸ் தைக்கிறேன். ஒன்றுக்கு 900 ரூபா வாங்குகிறேன், மாதம் 20 வரை வரும். லைனிங், ஹூக், நூல் என்று ஒன்றுக்கு 300 போய்விடும். ஒரு பிளவுஸ் முடிக்க நாலு மணித்தியாலம் எடுக்கும். பத்தில் மூன்று, கை பிடிக்கிறது என்று திரும்பி வரும்.

கனடாவில் இருக்கிற அக்கா 3 லட்சம் அனுப்புகிறேன், ஏதாவது படி என்கிறா. அத்தான் வெளிவாரிப் பட்டம் செய்யச் சொல்கிறார். சீதனமாக எழுதித் தந்த இரண்டு பரப்புக் காணியை ஈடு வைத்து, இரண்டு ஜூகி மெசின் எடுத்துக் கடை போடலாமா என்றும் யோசிக்கிறேன். மாமி, "இனிப் படிச்சு ஆருக்கு லாபம், பிள்ளையளைப் பார்" என்கிறா. பேசாமல் காசை மகளின் ரியூசனுக்கு வைப்பதுதான் நல்லதோ? என் தங்கை மூன்று கம்பியூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் 20,000 ரூபாவுக்கு நிற்கிறாள். அவளைப் பார்த்தால் படிப்பிலேயே நம்பிக்கை போகிறது.

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது பட்டத்தைப் பற்றிய வரியையோ மெசினைப் பற்றிய வரியையோ இல்லை. "மாதம் 20 வரை வரும்" என்ற வரியைத்தான். நீங்கள் தந்த கணக்கை வைத்தே ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

20 பிளவுஸுக்கு 18,000 ரூபா. அதில் லைனிங், ஹூக், நூலுக்கு 6,000. கரண்ட், எண்ணெய், ஊசி, எப்போதாவது மெசின் திருத்துகிற காசு என்று குறைந்தது 1,000 வைப்போம். மிச்சம் 11,000. தைக்கிற நேரம் 80 மணித்தியாலம். திரும்பி வருகிற ஆறு பிளவுஸைப் பிரித்துத் தைக்க இன்னும் ஆறு. மொத்தம் 86. அப்படியென்றால் உங்கள் ஒரு மணித்தியாலத்தின் விலை 128 ரூபா. கணவரின் 4,500 ஐ எட்டு மணித்தியாலத்தால் பிரித்தால் 560 க்கு மேல் வருகிறது. அவர் வெயிலில் நின்று உழைக்கிற காசு, அதில் ஒரு சதம்கூட அதிகம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் தையலும் அவருடைய சாந்தகப்பை வேலை போலவே கைத்தொழில். ஏழு வருசம் பழகிய கை. அதற்கு ஏன் நாலில் ஒரு பங்கு விலை? நீங்கள் தேடவேண்டிய படிப்பு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற படிப்பாக இருக்கவேண்டும்.

22 வருசமாகத் தொழில் வழிகாட்டல் ஆலோசனை செய்கிறேன். என்னிடம் வருகிற பெண்கள் "என்ன படிக்கலாம்?" என்றுதான் தொடங்குவார்கள். நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். படித்து முடித்த மறுநாள் யார், எதற்காக உங்களுக்குக் காசு தருவார்? அந்தக் காசு யாருடைய பெயரில் போய்ச் சேரும்? இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் எந்தப் படிப்பும் நல்ல படிப்பு. இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய சான்றிதழும் அலுமாரிக்குள் பிளாஸ்ரிக் உறையில் கிடக்கும்.

யாழ்ப்பாணம் பெண்களைப் படிப்பிக்காத ஊர் இல்லை. உடுவிலில் பெண்கள் பாடசாலை தொடங்கியது 1824 இல். மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி 1913 இல். 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபிறகு ஏழை வீட்டுப் பெண்பிள்ளையும் பள்ளிப் படியேறினாள். இன்றைக்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் 60 வீதத்துக்கு மேல் பெண்கள். ஆனால் நாட்டின் உழைக்கும் வயதுப் பெண்களில் வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களுமாகச் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் வருகிறார்கள். ஆண்களில் அது பத்தில் ஏழு. படிப்புக்கும் சம்பளத்துக்கும் நடுவில் எங்கேயோ பாலம் உடைந்து கிடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு காரணம், எங்கள் வீடுகளில் பெண்ணின் படிப்பு நெடுங்காலமாகக் கலியாணப் பேச்சில் சொல்வதற்கான தகுதியாக இருந்துவந்தது. "பொம்பிளை பி.ஏ." என்று சொன்னால் போதும், அந்த பி.ஏ. பிறகு என்ன உழைத்தது என்று யாரும் கேட்பதில்லை. அத்தான் உங்கள் மேல் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனாலும் அவருடைய யோசனையில் எனக்குத் தயக்கம் வருவது இதனால்தான்.

வெளிவாரிப் பட்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அது உண்டு, திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஏற்கெனவே வேலையில் இருக்கிற ஆசிரியைக்கும் அலுவலகப் பிள்ளைக்கும் அது பதவி உயர்வுக்கு உதவும். உங்கள் நிலைமை வேறு. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அந்தப் படிப்பு மூன்று வருசத்தில் முடியும் என்று நான் நினைக்கவில்லை. முடித்தபிறகு கலைப்பட்டத்துக்கு இங்கே பெரும்பாலும் எதிர்பார்க்கிற வழி அரச நியமனம். பட்டம் முடித்து நியமனம் வரும் வரும் என்று காத்திருக்கிற பிள்ளைகளோடு எத்தனையோ பின்னேரங்கள் கதைத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பு மனசைத் தின்னும். உங்களுக்குத் தமிழிலோ வரலாற்றிலோ உண்மையான ஆசை இருந்தால், தையல் நிலைத்தபிறகு 35 வயதில் படியுங்கள். அதற்கு வயது ஒரு தடையில்லை.

சரி, தையலுக்கு வருவோம். உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு படிப்பு இருக்கிறது, அதற்குப் பத்திரம்தான் இல்லை. இலங்கையில் தேசிய தொழில் தகைமை, என்.வி.கியூ. என்று ஒரு முறை இருக்கிறது. ஏழு மட்டங்கள். நாலு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இதில் பலருக்குத் தெரியாத விசயம், கோர்ஸுக்குப் போகாமலே அனுபவத்தை வைத்துச் சான்றிதழ் எடுக்கலாம் என்பது. ஆர்.பி.எல். என்று சொல்வார்கள், முன்பே கற்றதை அங்கீகரிப்பது. விண்ணப்பித்தால் மதிப்பீட்டாளர் வந்து உங்கள் வேலையைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், அவருக்கு முன்னால் அளவெடுத்து, வெட்டி, தைத்துக் காட்டவேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ, தொழில் பழகுநர் பயிற்சிக்கான அரச அமைப்பான நைற்றாவின் அலுவலகத்திலோ இதைப் பற்றிக் கேட்கலாம். கரவெட்டிப் பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரைச் சந்தித்தால் எந்த இடம் இப்போது விண்ணப்பம் எடுக்கிறது என்று சொல்வார்.

தென்மராட்சியில் இருந்து ஒரு அம்மா வந்தார். 15 வருசம் தைத்தவர், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். மதிப்பீட்டு நாளில் நானும் பக்கத்தில் நின்றேன். பெயரைக் கேட்டபோது குரல் வரவில்லை. அளவு நாடாவை எடுக்கும்போது கை நடுங்கி அது கீழே விழுந்தது, குனிந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு துணியை இரண்டாக மடித்து, சோக்கால் கோடு போட்டு, கத்தரிக்கோலை வைத்தார். அந்த நிமிசத்தோடு நடுக்கம் நின்றது. கழுத்து வளைவை ஒரே வெட்டில் எடுத்தார். மதிப்பீட்டாளர் பேனையை மூடி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சான்றிதழ் கையில் வந்தபிறகு அவர் கிராமத்துப் பயிற்சி வகுப்பொன்றில் தையல் பழக்குகிறார். மாதா மாதம் கொடுப்பனவு வருகிறது, வீட்டுத் தையலும் நடக்கிறது.

உங்களுக்கும் என்.வி.கியூ. மட்டம் நாலு சான்றிதழ் வேண்டும். அதைக் காட்டி ஊர்ச் சனம் கூடக் காசு தரும் என்று சொல்லமாட்டேன், பிளவுஸ் தைக்கக் கொடுக்கிற ஒருவரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் வங்கியில் தொழிற்கடன் கேட்கும்போதும், பிரதேச செயலகத்தின் சுயதொழில் உதவிக்கு விண்ணப்பிக்கும்போதும், பிறகு டிப்ளோமாவுக்குப் போக நினைத்தாலும் அது கதவு திறக்கும். இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று. தைத்த ஒவ்வொரு பிளவுஸையும் கொடுக்கமுன் போனில் படம் எடுங்கள், முன்பக்கம், பின்பக்கம், உள்தையல். விண்ணப்பத்தில் அனுபவத்தைக் காட்ட அது உதவும்.

அப்புறம் உண்மையாகப் பழகவேண்டியதைச் சொல்கிறேன். பத்தில் மூன்று கை பிடித்துத் திரும்பி வருகிறது என்றால், பழைய பிளவுஸை வைத்து வெட்டிப் பழகியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உடம்பில் அளவெடுத்துத் தாளில் பற்றன் வரையப் பழகினால் கைக்குழி வளைவு சரியாக வரும், திரும்பி வருவது குறையும். அது முதலாவது. இரண்டாவது, மணப்பெண் பிளவுஸும், கொக்கி ஊசியால் மணியும் நூலும் கோத்துச் செய்கிற ஆரி வேலையும். சாதாரண பிளவுஸுக்கு 900 ஐ 1,000 ஆக்கவே உங்களுக்கு வாய் கூசும். கலியாண பிளவுஸுக்கு அந்தக் கூச்சம் தேவையில்லை, விலை ஆயிரங்களில்தான் பேசப்படும். பிரின்சஸ் கட், பின்கழுத்து வேலை, ஆரி, மூன்றையும் ஒரே இடத்தில் பழக்குகிறவரைத் தேடுங்கள். சேருமுன் அவரிடம் பழகியவர்கள் இரண்டு பேரைச் சந்தித்து, இப்போது மாதம் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று கேளுங்கள். பழக்குகிறவரின் சுவரில் தொங்குகிற படங்களைவிட அந்தப் பதில் முக்கியம்.

மூன்றாவது, காலக் கணக்கு. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்து இறங்குகிற காலத்தில், இருக்கிற இரண்டு கிழமைக்குள் ஆறு பிளவுஸ் கேட்பார்கள். அக்காவின் சிநேகிதிகளுக்கு இப்போதே வட்சப்பில் படங்களை அனுப்பி, அளவுகளை எப்படி எடுத்து அனுப்புவது என்று ஒரு சின்ன வீடியோ செய்து கொடுங்கள், வருமுன்னரே தைத்து வைக்கலாம். மார்கழியில் பள்ளிச் சீருடை. அரசாங்கம் துணியைத்தான் கொடுக்கிறது, தைக்கிற கை ஊரில் இருக்கவேண்டும்.

இனிக் காணி. வேண்டாம், தங்கச்சி. இந்த இடத்தில் நான் உறுதியாகச் சொல்கிறேன். 128 ரூபாத் தொழிலுக்கு இரண்டு ஜூகி மெசின் வந்தால் அது இரண்டு மடங்கு பெரிய 128 ரூபாத் தொழில்தான். முதலில் வேலையின் விலை ஏறவேண்டும், மெசின் பிறகு. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட எங்களுக்கு 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி சீதனக் காணி உங்கள் தனிச் சொத்து, கணவரின் கடனுக்கு அது பொறுப்பில்லை. ஆனால் அதை விற்கவோ ஈடு வைக்கவோ அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். காரணமில்லாமல் மறுத்தாலோ, விட்டுவிட்டுப் போயிருந்தாலோ மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிரச்சினை இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இருந்தும் சொல்வதற்குக் காரணம், தன் பெயரில் உறுதி இருந்தும் தன் கையெழுத்து மட்டும் காணாது என்பதை வங்கிக் கதிரையில் இருந்து முதன்முதலாக அறிந்து முகம் வாடின பெண்களைக் கண்டிருக்கிறேன். மெசினுக்கும் வங்கிக் காசுக்கும் அந்தக் கட்டு இல்லை. அதனால் அக்காவின் 3 லட்சம் உங்கள் தனிப்பெயர்க் கணக்குக்கு வரட்டும். பற்றுச்சீட்டுகள் உங்கள் பெயரில் இருக்கட்டும். கணவருக்கு ஒளிக்கச் சொல்லவில்லை, அவரோடு இருந்து கணக்குப் பார்த்துத்தான் செய்யவேண்டும். கணக்குக் கொப்பி உங்கள் கையில் இருக்கட்டும்.

அதேபோல, கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலுக்கு வருகிற லோன் எதற்கும் கையெழுத்து வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிணையாகக்கூட. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. அந்தக் காலத்தில், கடன் காசை அறவிட வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுப் பின் வளவுக்குள் போய் நின்ற ஒரு தாய் என்னிடம் வந்திருந்தார். தையல் மெசின் வாங்கத்தான் அந்தக் கடனை எடுத்திருந்தார். கடைசியில் மெசினையும் விற்றார்.

3 லட்சத்தை எப்படிப் பிரிக்கலாம் என்றால், பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் ஒரு பங்கு. ஒரு நல்ல ஓவர்லொக் மெசினுக்கு ஒரு பங்கு, அதுவும் ஆறு மாதம் கழித்து. மிச்சத்தைத் தொடாமல் வையுங்கள். மாரி காலத்தில் கணவருக்கு வேலையில்லாத மாதம் வந்தால், பயிற்சியை நிற்பாட்டாமல் இருக்க அந்தக் காசு வேண்டும். பெண்கள் படிப்பை இடையில் விடுவது பெரும்பாலும் பாடம் கடினம் என்பதால் இல்லை, அந்த மாதம் வீட்டில் அரிசி இல்லை என்பதால்.

மாமியோடு வாதாடவேண்டாம். அவருடைய பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது, மூன்று வயதுப் பிள்ளையை யார் பார்ப்பது என்பது உண்மையான கேள்வி. மகன் முன்பள்ளிக்குப் போகிற காலை நேரத்துக்குள் முடிகிற வகுப்பாகப் பாருங்கள். கிழமையில் இரண்டு நாள் நெல்லியடிக்குள்ளேயே கிடைத்தால் அதுவே சிறப்பு, யாழ்ப்பாணம் போய்வர 750 ஆம் இலக்கப் பஸ்ஸில் அரை நாள் போய்விடும். மாமியிடம் "நான் படிக்கப் போறன்" என்று சொல்வதைவிட, "செவ்வாயும் வியாழனும் ஒன்பது மணிதொட்டுப் பன்னிரண்டுவரை தம்பியைப் பாருங்கோ மாமி, மூண்டு மாசத்துக்கு" என்று கேளுங்கள். நாளும் நேரமும் முடிவும் தெரிந்த உதவியை மறுப்பது யாருக்கும் கஷ்டம்.

உங்கள் தங்கைக்குத் தனியாகச் சொல்லவேண்டியது இருக்கிறது. இந்த நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 சித்திரையிலிருந்து 27,000 ரூபா, 2026 தையிலிருந்து 30,000 ரூபா. 20,000 கொடுப்பது சட்டத்துக்குப் புறம்பு. ஊழியர் சேமலாப நிதி பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். தொழிலாளியின் 8 வீதத்தோடு முதலாளி 12 வீதம் போடவேண்டும், நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். ஒரேயொரு ஆள் வேலை செய்கிற கடைக்கும் இது பொருந்தும். தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடலாம். கேட்டால் வேலை போய்விடும் என்று அவள் பயப்படுவது எனக்குப் புரிகிறது, அதனால் முதலில் அடுத்த வழியைப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும். மூன்று கோர்ஸில் எதற்காவது என்.வி.கியூ. மட்டம் எழுதியிருக்கிறதா என்று சான்றிதழைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நாலாவது கோர்ஸ் வேண்டாம். உயர்தரம் சித்தி என்றால் யாழ்ப்பாணம் உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் கணக்கியலிலோ தகவல் தொழில்நுட்பத்திலோ உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, பகுதிநேரமாகவும் கேட்டுப் பார்க்கலாம். வீட்டை விட்டுப் போய்நிற்க முடியுமென்றால் கிளிநொச்சி அறிவியல்நகரில் ஜேர்மன் ரெக் என்று சொல்கிற இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது. அவளுடைய படிப்பில் பிழையில்லை. யாரும் பெறுமதி கொடுக்காத தாள்களை அவளிடம் விற்றிருக்கிறார்கள், அதில் எனக்கும் கோபம்தான். இன்னொன்று, கலியாணம் கட்டினால் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று எடுத்துச் செலவழிக்கவேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். அது அவளுடைய வயதான காலத்துக் காசு.

மகளுக்கு முதலாம் வகுப்பில் ரியூசன் தேவையில்லை. பின்னேரத்தில் நீங்கள் கணக்குக் கொப்பி எழுதும்போது பக்கத்தில் இருத்தி, எத்தனை ஹூக், எத்தனை பிளவுஸ் என்று எண்ணவிடுங்கள்.

அந்தக் கொப்பியை நாளைக்கே தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் திகதி, யாருக்கு, என்ன வேலை, எத்தனை மணித்தியாலம், என்ன செலவு, என்ன வரவு. சொந்தக்காரருக்குச் சும்மா தைத்துக் கொடுப்பீர்கள், எல்லா வீட்டிலும் அது இருக்கிறது, நிற்பாட்டச் சொல்லமாட்டேன். ஆனால் அதையும் எழுதுங்கள். மாமிக்குத் தைத்த சட்டையாக இருந்தாலும் வரவு என்ற இடத்தை வெறுமையாக விட்டு, மணித்தியாலத்தை மட்டும் போடுங்கள். மூன்று மாதம் எழுதியபிறகு கொப்பியோடு வாருங்கள், எந்தப் பயிற்சி, எந்த மாதம் என்று இருந்து முடிவெடுப்போம்.